லியோன் நிலையத்து மாடியில் ஒரு விருந்து

முகத்துவாரத்திலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பாரிஸ் மாநகருக்குப் பிரயாணம் செய்பவர்களுள் பெரும்பாலோர், உறவினர் வீட்டிலே தங்கி, லாச்சப்பல் கடைத்தெருவில் சேலையும் மரக்கறியும் வாங்கி, மாணிக்க விநாயகர் ஆலயத்தில் ஓர் அர்ச்சனை செய்வித்து, கத்தோலிக்கராயின் லூர்து மாதாவின் திருத்தலம் வரை சென்று வணங்கி, ஈபல் கோபுரத்தின் முன்னே படம் பிடித்துக்கொண்டு, வேளை தவறாமல் சோறும் கறியும் உண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும், ஒரு விவாகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவோ, பிள்ளை ஒருவர் பட்டம் பெற்ற மகிழ்ச்சியோ, யுத்தத்தால் பல்லாண்டு பிரிந்திருந்த சகோதரர் மீண்டும் ஒன்றுகூடும் வைபவமோ அந்தப் பிரயாணத்தோடு சேர்ந்து வாய்க்குமாயின், பிரெஞ்சு மரபு வழுவாத ஒரு போசனசாலையில் ஒரு வேளையேனும் அமர்ந்து உண்ணாமல் வந்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். ஏனெனில், 1983க்குப் பின்னர் அகதிகளாகப் போய் அந்நகரத்தில் இறங்கிய எம்மவர் எத்தனையோ பேர், பாஷை தெரியாத நாளில் முதன்முதலாகக் கைவைத்தது கோப்பை கழுவும் வேலையில். அந்தப் போசனசாலைகளின் குசினிகளில் நின்றபடியே பார்த்துப் பழகி, வெங்காயம் அரியத் தொடங்கி, அடுப்பேறி, பிரெஞ்சுச் சமையலில் தேர்ந்தவர்களாய் உயர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. அந்த உணவு எமக்கு அந்நியமானது என்று இனிமேலும் சொல்வது நியாயமாகாது.

எங்கே போவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சேன் நதிக்கரையில், நோத்ருதாம் பேராலயத்தைப் பார்த்தபடி ஆறாம் மாடியில் அமைந்த லா தூர் தார்ழான், 1890 முதல் தான் பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் ஓர் இலக்கமிட்டு, அவ்விலக்கம் பொறித்த அட்டையை உண்டவர் கையிலே கொடுத்தனுப்பும் வழக்கத்தால் உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால் அங்கே ஒருவர் ஒரு வேளை உண்பதற்கு நூற்றுக்கணக்கான யூரோ வேண்டும் என்பதால், குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மறுகோடியில், 1896இல் தொடங்கிய புய்யோன் ஷார்த்தியே என்னும் விசாலமான சாப்பாட்டுக்கூடம் ஃபோபூர் மொன்மார்த்ர் வீதியில் இருக்கிறது. வாசலில் வரிசையில் நின்றுதான் உள்ளே போகவேண்டும், பிறரோடு மேசையைப் பகிர்ந்து அமரவேண்டும், பரிசாரகர் கணக்கை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார். ஒருவர் 20, 25 யூரோவுக்குள் வயிறார உண்ணலாம். கைச்செலவு குறைவாயுள்ளவர்கள் தயங்காமல் அங்கே போகலாம். உணவும் உண்மையான பிரெஞ்சு உணவுதான், கட்டடமும் அரசு பாதுகாக்கும் பழங்கட்டடம்தான். எனினும் அங்கே சந்தடி மிகுதி. ஆற அமர இருந்து கொண்டாடுவதற்கு ஏற்ற இடமன்று.

இவ்விரண்டுக்கும் நடுவே, எம்மவருக்கு எல்லா வகையிலும் பொருந்துவதென்று நான் கருதுவது, கார் து லியோன் என்னும் ரயில் நிலையத்தின் மேல்மாடியிலுள்ள லு திரேன் புளூ. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி எழுப்பப்பட்ட அந்த நிலையத்தின் போசனசாலையாக 1901இல் ஜனாதிபதி எமில் லூபே இதைத் திறந்துவைத்தார். தென்பிரான்சின் கடற்கரைக்கு ஓடிய புகழ்பெற்ற நீலநிற ரயிலின் பெயரை 1963இல் பெற்று, 1972இல் சரித்திரச் சின்னங்களுள் ஒன்றாகப் பதிவாயிற்று. பிரயாணிகள் பெட்டியும் கையுமாய் விரையும் மேடைகளிலிருந்து, இரு பக்கமும் வளைந்தேறும் படிகளால் மேலே போய்க் கதவைத் தள்ளியவுடன், அரண்மனைக்குள் வந்துவிட்டோமோ என்று கண் ஒரு கணம் மயங்கும். பொன்முலாம் பூசிய சுதைவேலையும் தொங்குவிளக்குகளும் தலைக்குமேல் நிறைந்திருக்க, சுவரிலும் விதானத்திலுமாக 41 ஓவியங்கள், பாரிஸிலிருந்து தெற்கே அந்த ரயில்பாதை சென்று தொட்ட லியோன், மார்செய், மொனாக்கோ முதலான ஊர்களையும் மொன் பிளான் பனிமலையையும் காட்டுகின்றன.

மார்செய் துறைமுகத்தைக் காட்டும் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். அதற்கும் எமது ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்நாளில் கீழ்த்திசைக்குப் புறப்பட்ட பிரெஞ்சுப் பிரயாணிகள் இந்த நிலையத்தில்தான் ரயிலேறினார்கள்; மார்செய்யில் மெசாஜரி மரித்தீம் கம்பனியின் கப்பலில் ஏறிச் சூயஸ் கால்வாயைக் கடந்து சைகோன் நோக்கிப் போகையில், அவர்கள் இடையிலே தங்கிய துறைமுகங்களுள் கொழும்பும் ஒன்று. முகத்துவாரத்துக் கரையில் நின்றவர்கள் கண்ட கப்பல்களில், இந்த மண்டபத்தில் உண்டு புறப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். கொட்டாஞ்சேனைக்கும் பிரெஞ்சுத் தேசத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அங்குள்ள பேராலயத்தைத் தம் ஆசனமாகக் கொண்டு கொழும்பின் முதலாவது பேராயராய் விளங்கிய பொஞ்ஜீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரரே.

மேசையை முன்கூட்டியே பதிவு செய்வது அத்தியாவசியம். சனிக்கிழமை இரவாயின் சில வாரங்களுக்கு முன்னரும், வார நாள் மத்தியானமாயின் சில நாட்களுக்கு முன்னரும் சொல்லிவைத்தால் போதும். இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பாரிஸின் பழைய போசனசாலைகள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருப்பவை. ஆகஸ்ட் மாதத்தில் வாரக்கணக்காக மூடிவிடுபவையும் உண்டு. குசினியில் வேலைசெய்யும் உங்கள் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ ஓய்வுநாள் வருவதும் பெரும்பாலும் அதே ஞாயிறு திங்களில்தான் ஆகையால், தாம் ஓய்வாயிருக்கும் நாளில் நல்ல இடங்கள் பூட்டிக்கிடப்பதும், நல்ல இடங்கள் திறந்திருக்கும் இரவில் தாம் வேறோர் அடுப்பின் முன்னே நிற்பதுமாகவே அவர்களுடைய வாழ்நாள் கழிகிறது. திரேன் புளூ ரயில் நிலையத்தைச் சேர்ந்ததாகையால் வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும். அதை நான் முதன்மைப்படுத்துவதற்கு அதன் பொன்விதானத்தைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம். ஆகஸ்ட் இறுதியில் விநாயகர் தேர்த்திருவிழாவுக்காகப் போகிறவர்களுக்கும் இது அனுகூலம்.

மத்தியானமே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். உயர்ந்த ஜன்னல்கள் வழியே பகல்வெளிச்சம் வந்து ஓவியங்களின் மேல் விழும். நிர்ணய விலைச் சாப்பாடும் அவ்வேளையில் கிடைக்கும். அங்கே மெனு என்றால் இத்தனை வட்டம், இத்தனை யூரோ என்று முன்பே கட்டிவைத்த சாப்பாடு. தனித்தனியாகத் தெரிந்து எடுப்பதற்குள்ள பட்டியல் கார்த். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் தனித்தனியாகச் சொல்லத் தொடங்கினால் செலவு விரைவாக ஏறிவிடும். மூன்று வட்டமும் மதுவும் கோப்பியும் சேர்ந்தால் ஒருவருக்கு 100 யூரோவை எட்டும், சில வேளை தாண்டும். விலைப்பட்டியலை வாசலிலே வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாகையால், உள்ளே போகுமுன் நின்று வாசித்துக் கணக்குப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாச்சப்பலிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்தே போய், ஆர்.ஈ.ஆர். டி வண்டியில் ஏறினால் இரண்டாவது தரிப்பு கார் து லியோன்.

உடையைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெண்கள் காஞ்சிபுரம் சேலையில் போனால் அந்த மண்டபத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கும். ஆண்களுக்கு நீளக் காற்சட்டையும் கோட்டும் போதும். குளிர்காலத்து மேலங்கியை வாசலிலேயே வாங்கி மாட்டிவைப்பார்கள்.

உடையிலும் முக்கியமானது வந்தனம். வாசலில் நிற்பவரைக் கண்டவுடன், வேறெதையும் பேசுமுன், பகலாயின் "போன்ழூர் மஸ்யே", இரவாயின் "போன்சுவார் மஸ்யே", பெண்ணாயின் "மதாம்" என்று முகம் பார்த்துச் சொல்லவேண்டும். எமது நாட்டில் கடைக்குள் நுழைந்தவுடன் வேண்டியதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அங்கேயோ வந்தனம் சொல்லாமல் காரியத்தைத் தொடங்குவது மனிதனை மனிதனாக மதியாத செயலாகக் கொள்ளப்படும், பாரிஸ் பரிசாரகர் கடுகடுப்பானவர் என்று எம்மவர் சொல்லிக்கொள்ளும் குறைகளுக்குப் பாதிக் காரணம் இதுவே. அந்தத் தொழிலை அவர்கள் தற்காலிகப் பிழைப்பாக எண்ணாமல் ஆயுட்காலத் தொழிலாகப் பயின்று செய்பவர்கள். ஆகவே விரல் சொடுக்கியும் கை தட்டியும் அவர்களைக் கூப்பிடலாகாது. கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் வந்து நிற்பார்கள்.

அமர்ந்த பின் வரும் ஒழுங்கு நிதானமானது. முதலில் சிறு பானமும் சில வேளை ஒரு வாய்க்குரிய சிறு பண்டமும், பின் முன்னுணவு, அதன்பின் பிரதான உணவு, விரும்பினால் சீஸ், பின்னர் இனிப்பு, எல்லாவற்றுக்கும் இறுதியில் கோப்பி. எல்லாவற்றையும் ஒருங்கே மேசையில் நிரப்பும் பழைய பிரெஞ்சு வழக்கம் மாறி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் முறை பாரிஸில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ருஷியப் பிரபுக்களைப் பார்த்து. குசினியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவர் பொறுப்பென்று வேலையைப் பிரித்து, இந்த முறைக்கு இன்றுள்ள ஒழுங்கைக் கொடுத்தவர் எஸ்கோஃபியே என்னும் மகாசமையற்கலைஞர்; 1903இல் வெளிவந்த அவருடைய நூலை இன்றைக்கும் அத்தொழிலார் பிரமாணமாகக் கொள்கிறார்கள். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் செல்லும், அது தாமதமன்று. இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். பிரெஞ்சு மக்களின் விருந்துமுறையை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் சேர்த்தபோது கருதியதும் தனியொரு பண்டத்தையன்று, கூடியிருந்து உண்ணும் இந்த முறையையே.

ஆசாரம் உடையவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். அந்தச் சமையலின் சோஸ்களுள் பல, கன்றின் எலும்பை வறுத்து மணிக்கணக்காக வேகவைத்து வடித்த நீரிலிருந்து எழுபவை, வெங்காய சூப்பும் பெரும்பாலும் மாட்டு எலும்பு நீரில் ஆனதே. பன்றிக்கொழுப்புத் துண்டும், இனிப்புகளில் ஜெலற்றினும், சோஸ்களில் மதுவும் பார்த்தால் தெரியாதபடி கலந்திருக்கும். ஆகையால் பதிவு செய்யும்போதே "ஸான் பெஃப்", "ஸான் போர்", "ஸான் அல்கோல்" என்று வேண்டியதைச் சொல்லி, மேசையில் அமர்ந்ததும் இன்னொரு முறை ஞாபகப்படுத்துங்கள். அதை அவர்கள் தொல்லையாகக் கொள்ளமாட்டார்கள். மீனைத் தெரிந்துகொள்வது பலருக்குப் பாதுகாப்பானது. முழுச் சைவம் உண்பவர்களுக்கு மாத்திரம் உள்ளதைச் சொல்லவேண்டும்: பழைய பிரெஞ்சுச் சமையல் அவர்களை மனத்திற் கொண்டு எழுந்ததன்று. முன்கூட்டி அறிவித்தால் ஏதேனும் செய்து தருவார்கள், ஆனால் அதற்காக அவ்வளவு பணம் செலவிடுவது தகாது என்பது என் துணிபு.

திரேன் புளூவில் உண்ணவேண்டியது செம்மறிக்குட்டியின் தொடை. முழுத் தொடையை வாட்டி, வெள்ளிபோல் மின்னும் மூடியிட்ட தள்ளுவண்டியில் வைத்து மேசையருகே உருட்டிக்கொண்டு வருவார்கள். மூடியைத் திறந்தவுடன் ஆவியோடு மணம் எழும். பரிசாரகர் நீண்ட மெல்லிய கத்தியால் எலும்பை ஒட்டிச் சாய்த்து ஏடு ஏடாக அறுத்துத் தட்டில் அடுக்கி, அதன் சாற்றைக் கரண்டியால் அள்ளி வார்ப்பார். நடுவே இளஞ்சிவப்பாக இருப்பதை அவர்கள் விரும்புவார்கள். எமது நாக்குக்கு அது பச்சையாகத் தோன்றலாம், "பியான் குய்" என்று சொன்னால் நன்றாக வெந்த பக்கத்தை அறுத்துத் தருவார். பக்கத்திலே பாலும் கிரீமும் உள்ளியும் சேர்த்து அவணில் வேகவைத்த உருளைக்கிழங்கு வரும். முடிவில் றம்மில் ஊறிய பாபா என்னும் கேக். மது தொடாதவர்கள் வேறொன்றைக் கேளுங்கள்.

முகத்துவாரத்தார் மீனறிந்தவர்கள், பழைய மரபில் நடக்கும் எந்தப் போசனசாலையிலாவது சோல் மெனியேர் கண்டால் அதை விடாதீர்கள். நாக்குமீன் இனத்தைச் சேர்ந்த அதை முழுதாக மாவில் புரட்டி, வெண்ணெயிலே பொரித்து, எலுமிச்சம் புளியும் பசுந்தழையும் தூவிக் கொண்டுவந்து, உங்கள் கண்முன்னே பரிசாரகர் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் கொண்டே நடுவரியைக் கீறி, மேற்சதையை இரண்டு ஏடாக விலக்கி, தலையிலிருந்து வால்வரை நடுமுள்ளை ஒரே தூக்கில் எடுத்து ஒதுக்கிவிட்டு, சதையைச் சிதையாமல் மீண்டும் மீன் வடிவிலே பொருத்தி வைப்பார். நாள்தோறும் மீன் வெட்டும் கையும் அதைக் கண்டு மதிக்கும். பிரெஞ்சுச் சோஸ்கள் பலவற்றின் இரகசியமும் எமக்கு விளங்கக்கூடியதே: வடித்துச் சுண்டிய சாறு அடுப்பைவிட்டு இறங்கும் தறுவாயில் குளிர்ந்த வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சுழற்றுவது, எமது தாய்மார் கறியை இறக்குமுன் முதற்பால் விட்டுக் கொதியாமல் காப்பதைப் போன்றது. அந்த நுட்பத்துக்கு மதிப்புக் கொடுத்து, முதல் வாயை உப்பும் மிளகும் கேளாமல் உண்ணுங்கள். மிளகாய்ச் சோஸ் கேட்பது அந்தச் சமையற்காரரின் பல மணி நேர உழைப்பை ருசி பாராமலே அழிப்பதாகும்.

கத்தியும் முள்ளும் பலருக்குப் பயம் தருவன. வெளிப்புறத்தில் உள்ளதை முதலில் எடுத்து உள்நோக்கி வந்தால் பிழை நேராது. உண்டு முடித்ததும் இரண்டையும் தட்டில் ஒருசேர வைத்தால் எடுத்துச் செல்வார்கள். இடக்கையால் உணவை வாய்க்குக் கொண்டுபோவதற்கு எமது பெரியவர்கள் கூசுவார்கள். அவர்கள் இறைச்சியை முதலில் வெட்டிவிட்டு, கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்து, முள்ளை வலக்கைக்கு மாற்றி உண்ணட்டும். எவரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். கைகளை மடியில் மறைத்து வைக்காமல் மணிக்கட்டு மேசை விளிம்பில் படும்படி வைத்துக்கொள்வது அவர்கள் ஆசாரம். முன்னதாகப் பழகவேண்டுமானால் கொழும்புக் கோட்டையில், 1875இல் துறைமுகத்தருகே திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும், காலிமுகத்தில் 1864 முதல் நடக்கும் ஹோட்டலும் இருக்கின்றன.

பாண் விலையில்லாமல் வரும். அதைக் கடித்து உண்ணாமல் கையால் பிய்த்து உண்ணவேண்டும். தனித் தட்டு இல்லாவிடின் மேசைவிரிப்பின் மேலேயே வைக்கலாம். அந்தப் பாணைக் கையில் எடுக்கும்போது ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பாரிஸ் மாநகரத்தின் மிகச் சிறந்த பகெத் பாணுக்கு மாநகரசபை ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில் 2023இல் முதற்பரிசு பெற்றவர், இலங்கையிலிருந்து சென்ற தமிழரான தர்ஷன் செல்வராஜா. வெற்றிபெற்றவர் ஜனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்குவது அந்தப் பரிசோடு சேர்ந்த கௌரவம்.

"ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை விலையின்றிக் கூசாவில் தருவார்கள். கேளாவிட்டால் போத்தல் தண்ணீர் விலையோடு வரும். கணக்கை நீங்கள் கேட்கும்வரை கொண்டுவரமாட்டார்கள், ஏனெனில் விருந்தாளியை எழுப்பிவிடுவது அங்கே அவமரியாதை. "லாதிஸ்யோன், சில் வு ப்ளே" என்று சொல்லுங்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் மேலதிகமாகக் கொடுக்கவேண்டிய கடமையில்லை. திருப்தியாயிருந்தால் சில யூரோவை மேசையில் வைத்துவிட்டு எழலாம்.

இனி, யாரை அழைத்துப் போவது என்பது. குடும்பத்தார் அனைவரையும் அழையுங்கள். ஆனால் உங்களைத் தம் வீட்டில் தங்கவைத்து, விடியற்காலையில் விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிச்சென்று, இரவு ஒரு மணிக்குக் குசினி வேலை முடிந்து களைத்து வரும் அந்த உறவினரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "எதுக்கு உந்த வீண் செலவு, நான் வேலை செய்யிற இடம்தானே உது" என்று அவர் மறுக்கக்கூடும். முப்பது ஆண்டுகளாக ஆயிரமாயிரம் தட்டுகளைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அனுப்பிவைத்தவர்களுள், அந்தப் பக்கத்து மேசையில் ஒரு நாளும் உட்காராதவர் உண்டு. விடாமல் வற்புறுத்துங்கள். உணவுப்பட்டியலைப் படித்துச் சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். எந்தச் சோஸில் என்ன சேரும் என்பதை எந்த வழிகாட்டியிலும் நன்றாக அவர் அறிவார். சுவரோரத்துத் தோலிருக்கை, மண்டபம் முழுவதையும் பார்க்கக்கூடிய ஆசனம். அந்நாட்டு வழக்கத்தில் கௌரவத்துக்குரியவருக்கு அளிப்பது அதுவே. அதில் அவரை இருத்துங்கள். மேசையைப் பதிவு செய்யும்போது யாருடைய பெயரில் என்று கேட்பார்கள். வாசலில் உங்களை வரவேற்பவர் உரக்கச் சொல்லி அழைப்பதும் அந்தப் பெயரைத்தான். அவருடைய பெயரையே கொடுங்கள்.